எதிரே நிற்பவரின் வலது

"உங்க வலது காது கொஞ்சம் உசரமா இருக்கு" என்று வாடிக்கையாளரிடம் சொல்லும்போதே கண்ணாடிக்காரரின் கை தன் இடது காதைத் தொடும். முப்பத்தோரு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்தே பிழைத்தவர். எதிராளியின் வலது தனக்கு இடது என்பது அவர் ரத்தத்தில் ஊறிப்போயிற்று. கடை வாசலில் யாராவது வழி கேட்டால் கை ஒரு பக்கம் காட்டும், வாய் இன்னொரு பக்கம் சொல்லும். பிறகு அவரே, "கையை நம்புங்க, வாயை நம்பாதீங்க" என்று திருத்துவார்.

தன்னைக் கேலி செய்யும் வேலையை அவர் பிறத்தியாருக்கு விட்டுவைப்பதில்லை. ஊருக்கெல்லாம் பளபளவென்று மாட்டிவிடுகிறவரின் சொந்தக் கண்ணாடியில் ஒரு பக்கத்துக் கம்பி கழன்று, நூல் சுற்றிக் கிடக்கும். "நம்ம மூஞ்சிக்கு இது போதும், யார் பார்க்கப் போறா?" என்பார். மனைவி போய் ஐந்து வருடம் ஆகிறது. குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டால், மறுநாள் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். வீட்டில் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் இருக்கிறது. கடையைவிட வயதில் மூத்தது. முன்னால் சாதாரணக் கார் மாதிரி ஆரம்பித்து, எங்கே முடிப்பது என்று தெரியாமல் பின்னால் நீண்டுகொண்டே போகும். குடும்பத்தில் அதற்குப் பெயர் கப்பல். எட்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. காலை மடக்கி நீட்டப் பயிற்சி கொடுப்பவர் நல்ல முன்னேற்றம் என்கிறார். "வலி எனக்குத்தானே தெரியும்" என்கிறார் அக்கா. மடங்காத காலோடு வேறு காரில் ஏற முடியாது. கப்பலின் பின் சீட்டைச் சாய்த்து மெத்தை போட்டால் காலை நீட்டி ராணி மாதிரி உட்காரலாம். அதனால் வியாழக்கிழமைதோறும் பயிற்சிக்குக் கூட்டிப்போவது தம்பியின் வேலை.

போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். அந்த எண்பது நிமிடமும் அக்கா திட்டுவார். சட்டையில் பொத்தான் இல்லை, முடி வெட்டவில்லை, "கியர் போடறியா, வண்டியைப் பிரிச்சுப் போடறியா?" இவர் வாரம் முழுக்க அதற்காகத்தான் காத்திருக்கிறார். அதை மறைத்ததும் இல்லை. "சும்மா விட்டா துருப்பிடிச்சிடுவேன். வாரத்துக்கு ஒரு தரமாவது யாராவது தேய்க்கணும்" என்பார்.

மழைக்காலம் வந்தது, கப்பல் ஒழுக ஆரம்பித்தது. பின்பக்கத்தில் வலதும் இடதுமாக இருக்கும் இரண்டு நீளக் கண்ணாடிகளைச் சுற்றிய ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்துப் போயிருந்தது. அக்கா வண்டிக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். அதைப் பார்த்துவிட்டாள் அக்கா மகள். "மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. அடுத்த வியாழக்கிழமைக்குள்ள ஒழுகறது நிக்கலைன்னா ஆஸ்பத்திரி வேனுக்குச் சொல்லிடறேன். அம்மாவுக்குச் சளி பிடிச்சா யார் பார்க்கறது?" நியாயமான பேச்சு. கண்ணாடிக்காரர் அன்று சாயங்காலமே பீடிங்குக்குச் சொல்லிவிட்டார்.

பழைய வண்டிச் சாமான் விற்பவரிடமிருந்து புது பீடிங் வந்தது. ஒன்றில் 'வலது', இன்னொன்றில் 'இடது' என்று சீட்டு ஒட்டியிருந்தது. மாட்டித் தருகிறேன் என்றார் மெக்கானிக். இவர் கேட்டால்தானே? "கண்ணாடின்னா கண்ணாடிதானே. மூக்குல மாட்டினா என்ன, வண்டியில மாட்டினா என்ன?" என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே களத்தில் இறங்கினார்.

வேலை அவர் தொழிலுக்குத் தூரத்து உறவுதான். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, ரப்பரின் வெளிப் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து அழுத்த வேண்டும். உள்ளேயிருந்து கயிற்றை உருவ உருவ, ரப்பரின் ஓரம் தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒண்டி ஆளாக உள்ளுக்கும் வெளிக்கும் ஓடி, இடுப்பு ஒடிய இரண்டையும் மாட்டி முடித்தார்.

திங்கட்கிழமை மழையில் கப்பல் முன்னைவிட நன்றாக ஒழுகியது. மெக்கானிக் ஒரு விரலால் தடவிப் பார்த்தார். "அண்ணே, தண்ணியை வெளிய தள்ற மடிப்பு உள்பக்கமா இருக்கு. வலதை இடதுல மாட்டியிருக்கீங்க."

பின்கதவைத் திறந்துகொண்டு வண்டிக்குப் பின்னால் நின்று வேலை பார்த்திருக்கிறார். அங்கே நின்றால் வண்டியின் வலதும் இவர் வலதும் ஒன்றுதான். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கை மட்டும் பழக்கதோஷத்தில் வண்டியை வாடிக்கையாளராக்கிவிட்டது. "முதுகைக் காட்டிட்டு நிக்கிற வண்டிக்குப் போய் முகத்தைப் பார்த்து வலது இடது போட்டிருக்கேன். என் மூளையைக் கழட்டிக் கழுவிக் காயப்போடணும்" என்று அன்று கடைக்கு வந்த பதினோரு பேரிடம் சொன்னார். பன்னிரண்டாவது ஆளிடம் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

புதன்கிழமை பிற்பகல் கப்பலை அக்கா வீட்டு வாசலுக்கே ஓட்டிப்போனார். இரண்டு பீடிங்கையும் கழற்றி இடம் மாற்றி மாட்டும்போது உள்ளேயிருந்து கயிறு உருவ ஆள் வேண்டுமே. அக்கா மெத்தையில் காலை நீட்டி உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தார்.

"டேய், பார்த்து அழுத்து. உடைஞ்சா என் தலையிலதான் விழும்."

"நீ ஒரே சீரா இழு அக்கா. வெடுக்குன்னு இழுக்காதே."

"எனக்கே சொல்லித்தரியா? உனக்குச் செருப்பு மாட்டக் கத்துக்கொடுத்தவடா நான். அப்பவும் வலதை இடதுல போட்டுக்கிட்டுத்தான் நிப்ப."

"அப்பவே தொழிலுக்குத் தயாராயிட்டேன்னு வச்சுக்கோயேன்."

அக்கா சிரித்தார். இவர் ரப்பரை அழுத்தியபடியே, குனிந்த தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "நாளைக்கு நீ வேன்ல போயிட்டா, நான் வியாழக்கிழமையை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" கயிறு மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் அக்கா மகள் வேலையிலிருந்து வந்ததும் தோட்டத்துக் குழாயைத் தானே கையில் எடுத்தாள். அம்மா வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். மகள் ஒரு பக்கத்துக் கண்ணாடியில் தண்ணீரைப் பீய்ச்ச, கண்ணாடிக்காரர் மறுபக்கத்துக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தார். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. ஒன்றும் இல்லை. மூன்றாவது நிமிடம் மேல் மூலையில் ஒரு சொட்டு திரண்டது. மாட்டும்போது தடவிய சோப்புத் தண்ணீரின் மிச்சம்தான் அது என்று சத்தியம் செய்ய இவருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் சொட்டு அக்காவின் கணுக்காலில் சில்லென்று விழுந்தது.

அக்கா சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். எட்டு மாதமாக மடங்காத முழங்கால் முழுசாக, லட்சணமாக மடங்கியது.

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். மடங்கித்தான் இருந்தது.

"என்னம்மா, ஒழுகுதா?" தண்ணீர் வழியும் பக்கத்திலிருந்து மகளின் குரல் வந்தது.

"பொட்டுத் தண்ணி இல்லைடி" என்றார் அக்கா. பிறகு தம்பியின் முகத்தைக் கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துக்கொண்டே, பல்லைக் கடித்து, ஒரு முனகல் முனகி, காலை மெல்ல மெல்ல மெத்தையின் மேல் நீட்டி வைத்துக்கொண்டார்.