முதல் காய்ப்பும் மூடிய சமையலறையும்

தொண்ணூறுகளின் கடைசியில், திருநகரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற முந்திரி மரம் முதன்முதலாகக் காய்த்தது. கொட்டைகளைக் காயவைத்து வறுக்கப்போன அன்று, "மொதக் காய்ப்பு, கண்ணு பட்டுரும். சன்னலையும் சாத்து" என்றார் என் கணவர். பக்கத்து வீட்டு அண்ணன் எதைப் பார்த்தாலும் "இம்புட்டா!" என்று வாயைப் பிளப்பவர். அவரை நினைத்தே கொல்லைப் பக்கம் திறக்கும் சமையலறைக் கதவையும் தாழ்போட்டேன்.

முந்திரி ஓட்டுக்குள் எரியக்கூடிய எண்ணெய் இருப்பது எங்களுக்குத் தெரியாது. சட்டி நன்றாகச் சூடானதும் கொட்டைகள் வெடித்து, எண்ணெய் தெறித்துத் தீப்பிடித்தது. சட்டியை இறக்கப்போன கணவரின் வலது கையில் எரியும் எண்ணெய் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர் அலறினார். கரும்புகையில் தாழ்ப்பாள் எங்கே என்று தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, தள்ளி நில்லு! கதவை ஒடைக்கிறேன்!"

கொல்லைக் கதவைக் கடப்பாரையால் நெம்பி எங்களை வெளியே இழுத்துப்போட்டவர் அந்த அண்ணன்தான்.

கணவரின் விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. சோற்றை நான்தான் பிசைந்து ஊட்டுகிறேன். மரம் வருடாவருடம் காய்க்கிறது. கொட்டைகளை வீட்டுக்குள் கொண்டுவருவதே இல்லை. எதைச் சமைத்தாலும் கதவையும் சன்னலையும் திறந்துவைத்து, அண்ணன் வீட்டில் ஆள் நடமாட்டம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.