மாத்திரை அட்டை வெட்டும் கத்தரிக்கோல்

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். எங்கள் ஊர் நூம்பலில் ஸ்டெல்லா அக்காவின் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கியவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன். என் அண்ணனின் வழக்கு முழுவதும் முடியும்வரை இது உங்களோடு இருக்கட்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

போன வாரம் டியூஷன் விட்டு வரும்போது கடை ஷட்டரில் அக்காவின் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மாரடைப்பு என்று பக்கத்து ஜூஸ் கடைக்காரர் சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"அந்தப் பொம்பள பேர இந்த ஊட்ல எடுக்காத," என்றார் அப்பா. பிறகு சாப்பிட்டோம்.

அப்பா அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்டெல்லா அக்காவிடம் வழிப்பறி செய்ய முயன்றவன் என் அண்ணன் சதீஷ்.

கடையில் அக்காவின் கையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். முழு அட்டை வாங்க முடியாதவர்களுக்கு இரண்டு மாத்திரை, மூன்று மாத்திரை என்று வெட்டிக் கொடுப்பார். பேசும்போதும் அதைக் கீழே வைக்க மாட்டார். "தூங்கும்போதாவது அத கீழ வெப்பியாக்கா?" என்று ஆட்டோக்காரர் ஒருவர் கேட்டார். "நீ பழைய பாக்கிய குடு நைனா, வெக்கிறேன்," என்றார். அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஷட்டரை இறக்குவதும் அவர் வழக்கம்.

அன்று இரவும் அப்படித்தான் இறக்கிக்கொண்டிருந்தார். சதீஷ் பின்னாலிருந்து அவருடைய தோள்பையை இழுத்தான். அவர் விடவில்லை. கீழே தள்ளினான். விழுந்ததில் கத்தரிக்கோல் அவருடைய உள்ளங்கையையே கிழித்துவிட்டது. பை கிடைக்காமல் ஓடியவனைத் தெருமுனையில் பிடித்தார்கள். ரத்தத்தைப் பார்த்தவர்கள் கத்தியால் குத்திவிட்டான் என்றார்கள். புகாரிலும் கத்தி என்றே ஏறியது. ஏன் அதைச் செய்தான் என்று அண்ணன் இன்றுவரை எங்களிடம் சொல்லவில்லை.

வக்கீல் வீட்டுக்கு வந்து விளக்கியது எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது. ஆயுதத்தோடு வழிப்பறிக்கு முயன்றதாக ஆனால், ஏழு வருடத்துக்குக் குறைவாகக் கொடுக்க நீதிபதியாலும் முடியாது. ஆயுதம் இல்லை, வேண்டுமென்றே காயப்படுத்தவும் இல்லை என்றால், ஏழு வருடத்துக்கு மேல் கொடுக்க முடியாது. அதற்குக் கீழே எவ்வளவு என்பதை வயது, முன்வழக்கு, நடந்துகொண்ட விதம் எல்லாம் பார்த்து அவர் முடிவு செய்வார். அதே ஏழுதான். ஒன்றில் அது தரை, இன்னொன்றில் கூரை.

அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா என்னை அக்காவிடம் அனுப்பினாள். வந்தவன் சதீஷ் இல்லை என்று கோர்ட்டில் சொல்லும்படி நான் கேட்க வேண்டும். பள்ளிச் சீருடையோடு போனேன். அக்காவின் கையில் தையல் போட்ட தழும்பு இருந்தது.

"உங்கண்ணன் இல்லன்னு சொல்லணுமா?"

"ஆமாக்கா."

"அவன்தானே வந்தான்?"

நான் அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தேன்.

"கத்தி வெச்சிகினு இருந்தானா?"

"தெரியாதுக்கா."

"எனக்குத் தெரியும். இல்ல. ரெண்டையும் சொல்லுவேன். ஒண்ண மட்டும் சொல்ல எனக்கு வராது." பிறகு அம்மா மூச்சிழுப்புக்கு வாங்கும் பம்ப்பை எடுத்து வைத்தார். "வாங்கி ரொம்ப நாளாவுதே, எடுத்துனு போ. காசு குடுத்துட்டுப் போ. சும்மா குடுத்தேன்னு வையி, நாளைக்கு இன்னா பேசுவாங்கன்னு தெரியாது."

பூந்தமல்லி கோர்ட்டில் அவர் சாட்சி சொன்ன அன்று அம்மாவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். அண்ணனை விரலால் காட்டினார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அடுத்து, கத்தி இல்லை என்றும், தன்னுடைய கத்தரிக்கோல்தான் கிழித்தது என்றும் சொன்னார். அரசு வக்கீல் கோபமாகப் புகாரைப் படித்துக் காட்டினார்.

"கத்தின்னு அவங்க எழுதினாங்க. கையில துணி சுத்திகினு நான் கையெழுத்து போட்டேன். கத்தரிக்கோல் என் கையிலதான் இருந்திச்சி ஐயா. ஆனா அவன் தள்ளினான். அதயும் எழுதிக்கங்க."

பின்னொரு நாள் தீர்ப்புக்கு நானும் அம்மாவும் போனோம்; அக்காவும் வந்திருந்தார். ஆயுதக் குற்றமோ வேண்டுமென்றே காயப்படுத்தியதோ நிரூபணமாகவில்லை, வழிப்பறிக்கு முயன்றது நிரூபணமானது என்று நீதிபதி சொன்னார். பிறகு, தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அண்ணனிடம் கேட்டார். "நான் பண்ணல ஐயா," என்றான் அண்ணன். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். செய்தானா இல்லையா என்ற கேள்வி ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது. வயதைச் சொல்லியிருக்கலாம், அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், வருந்துகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

நீதிபதி அக்காவிடமும் கேட்டார்.

"எத்தினி வருஷம்னு எனக்குத் தெரியாது ஐயா. ராத்திரி பத்தரை வரைக்கும் கட தொறந்து வெச்சிருப்பேன். இப்ப எட்டு மணிக்கே மூடிட்றேன். அப்பால புள்ளைக்கு ஜொரம்னு யாராச்சும் வந்தா பூட்டுதான் கீது. அது எத்தினி வருஷத்துக்குச் சமம்னு நீங்களே பாருங்க. சின்னப் பையன், அதயும் பாருங்க."

தண்டனையை நாளைக்கு அறிவிப்பதாகத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்க அக்கா இல்லை.

எங்கள் வீட்டில், அவர்தான் அண்ணனை மாட்டிவிட்டார் என்கிறார்கள். தெருவில், எங்களிடம் காசு வாங்கிக்கொண்டு கத்தியை மறைத்துவிட்டார் என்கிறார்கள். அவர் எதுவும் வாங்கவில்லை. பம்ப்புக்கான காசைத் தவிர எங்கள் வீட்டுக் காசு அவர் கைக்குப் போகவில்லை. இதை நான் தெருவில் நின்று சொல்ல முடியாது. சாட்சியை நான் போய்ப் பார்த்தது தெரிந்தால், நாங்கள் சாட்சியைக் கலைத்தோம் என்று ஆகிவிடும். அண்ணனுக்குக் கிடைத்த ஏழு வருடக் கூரை மறுபடி தரையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பேசாமல் இருந்தால் அக்காவின் பெயர் அப்படியே கிடக்கும். அதனால்தான் ராத்திரியில் எழுதுகிறேன். வழக்கு முடிந்த அன்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

இறுதி ஊர்வலத்துக்கு நான் போகவில்லை. அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. "ஒண்ண மட்டும் சொல்ல எனக்கு வராது" என்று அவர் சொன்னதைத்தான் வைத்திருக்கிறேன். என் அண்ணன்தான் செய்தான். அவனிடம் கத்தி இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்க்கிறேன். வாய்க்குள்தான் வருகிறது.

கதவு தட்டுகிறது. அப்பா. "லைட்ட போட்டுகினு இன்னா எழுதுற?" என்கிறார். தாழ்ப்பாளைத் திறந்தாக வேண்டும். கேட்டால் இரண்டையும் சொல்லி—