ஊதச் சொன்ன குரல்

பிசியோலொஜி என்கிற உடற்றொழிலியலில் மேற்படிப்பு என்றால் மூளையால் செய்கிற வேலை என்று எங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வைத்தியப் படிப்பை முடித்துவிட்டு வார்டுப் பக்கம் போகாமல் மருத்துவபீடத்திலேயே தங்கிவிட்ட மகளான என்னைப் பற்றி, கொழும்பில் தமிழர் கூடி வாழ்கிற வெள்ளவத்தையில் அப்பா பத்துப் பேருக்குப் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் நான் செய்தது தொண்டையால் செய்கிற வேலை. காலை எட்டரையிலிருந்து பின்னேரம்வரை ஆட்களைப் பார்த்துக் கத்துவதுதான் என் ஆராய்ச்சி.

மூச்சை அளக்கிற ஸ்பைரோமீற்றர் என்ற கருவி ஒன்று எங்கள் ஆய்வுகூடத்தில் இருந்தது. வருகிற ஆள் மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, ஒரு மட்டைக் குழாய்க்குள் ஒரே மூச்சில் ஊதவேண்டும். தாளில் பேனை கோடு கீறும். தானாக யாரும் கடைசிவரை ஊதுவதில்லை. பாதியில் போதும் என்று விட்டுவிடுவார்கள். பக்கத்தில் நிற்கிறவர்தான் கத்தி, வெருட்டி, கெஞ்சி, அடியில் கிடக்கிற காற்றையும் வெளியே எடுக்கவேண்டும். "பிம்பின்ன, பிம்பின்ன, தவ, தவ" என்று நான் சிங்களத்தில் ஊதச் சொல்லிக் கத்துவது கீழ்மாடி நூலகம்வரை கேட்கிறது என்று ஒருமுறை முறைப்பாடே வந்தது. எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

கொழும்பில் இருக்கிற சுகதேகிகளின் மூச்சளவு எவ்வளவு என்று ஓர் அட்டவணை தயாரிக்கவேண்டும். வெள்ளைக்காரரின் அளவை வைத்துக்கொண்டு எங்கள் சனத்தை நோயாளி என்று சொல்லுகிற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பது என் பேராசிரியையின் பிடிவாதம். அவர் சிங்களப் பெண்மணி. சிரிப்பதற்கும் நேர அட்டவணை வைத்திருக்கிற ஆள். அட்டவணையில் தமிழரும் இருக்கவேண்டும் என்று சொன்னவர் அவர்தான். ஆட்களைப் பிடித்துக்கொண்டு வருவது என் பாடு.

அது லேசான காரியமா? யுத்தம் நடந்த காலம். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் சட்டைப்பையில் இல்லாமல் தமிழர் யாரும் தெருவில் இறங்குவதில்லை. சம்பளமில்லாத லீவு போட்டு, ஆமிக்காரரின் இரண்டு மூன்று செக்பொயின்றில் இறங்கி ஏறி, ஒரு குழாய்க்குள் ஊதிவிட்டுப் போக வாருங்கள் என்று கேட்டால் யார் வருவார்கள்? ஆனாலும் வந்தார்கள். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்காரர்களும் கொட்டாஞ்சேனையில் எங்களுக்குத் தெரிந்தவர்களுமாக இருபது பேர்வரை சேர்த்துவிட்டேன். அவர்களில் ஒருவர் கொட்டாஞ்சேனை இரும்புக்கடை ஒன்றில் சாமான் நிறுக்கிறவர். ஐம்பது வயதிருக்கும். தேவாலயத் திருநாள் வந்தால் பாண்ட் வாத்தியத்தில் ட்ரம்பெட் ஊதுகிறவரும் அவர்தான்.

எல்லாரையும் அளந்து முடிந்தபின் பேராசிரியை என்னைக் கூப்பிட்டார். மேசையில் தாள்களை இரண்டு கட்டாகப் பிரித்து வைத்திருந்தார். ஒரு கட்டு சிங்களவருடையது, மற்றது நான் கொண்டுவந்த தமிழருடையது. ஒரே வயது, ஒரே உயரம், ஆனால் தமிழரின் அளவுகள் ஒன்று தவறாமல் குறைந்திருந்தன. இரண்டு வழிதான் இருக்கிறது என்றார். இப்படியே அச்சிடலாம், அல்லது தமிழரை விட்டுவிட்டு அட்டவணையை முடிக்கலாம்.

அச்சிட்டால், நாளைக்கு எங்கோ ஒரு வைத்தியர் இழுத்து இழுத்து மூச்சுவிடுகிற ஒரு தமிழரைப் பார்த்து, உங்கள் ஆட்களுக்கு இவ்வளவுதான் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். விட்டுவிட்டால், இந்த ஊரில் சுகதேகி என்று எண்ணுகிற கணக்கில் நாங்கள் இல்லை. சிங்களவரான இவர் இதைத்தானே கண்டுபிடிக்க விரும்பியிருப்பார் என்றுகூட நினைத்தேன். இன்றைக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவர் ஒரு தாளை எடுத்து விரலால் தட்டினார். ட்ரம்பெட் ஊதுகிற மனிதனின் மூச்சு இவ்வளவுதானா என்று கேட்டார். அந்த ஆளைத் திரும்ப வரச்சொல், இந்த முறை நானும் அறையில் இருக்கிறேன் என்றார்.

அந்த ட்ரம்பெட் அண்ணர் வந்தார். வழியில் மறித்து முக்கால் மணித்தியாலம் நிற்பாட்டி வைத்திருந்தார்களாம். பிந்தினதுக்குக் கோவிக்கவேண்டாம் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு எங்கே முகத்தை வைப்பதென்று தெரியவில்லை.

பேராசிரியை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் அண்ணரின் மூக்கில் கிளிப்பை மாட்டி, ஊதுங்கோ அண்ணை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றேன். பேனை முன்பு நின்ற இடத்திலேயே போய் நின்றது. பேராசிரியை பேனையைப் பார்க்கவேயில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் ஆய்வுகூட உதவியாளரை உட்காரவைத்து, இவரையும் ஊதவை என்றார். அவர் சிங்களவர். நான் வழக்கம்போலக் கத்தினேன்.

அது முடிந்ததும் பேராசிரியை ஆங்கிலத்தில் கேட்டார், உன் குரல் உனக்குக் கேட்கிறதா என்று. சிங்களத்தில் நீ ஆளை வெருட்டுகிறாய், தமிழில் என்றால் தொட்டில் பிள்ளை நித்திரை கொள்ளுகிற வீட்டில் கதைக்கிறதுபோலக் கதைக்கிறாய் என்றார். நான் இல்லவே இல்லை என்று சாதித்தேன். எனக்குத் தமிழ் தெரியாது, அவரையே கேள் என்றார்.

கேட்டேன். அண்ணர் சங்கடப்பட்டார். பேராசிரியையை ஒருதரம் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிள்ளை மெல்லமாச் சொன்னீங்கள். சத்தம் வெளியில போகக்கூடாதாக்கும் எண்டு நானும் மெல்லமா ஊதினனான்."

அந்த அறையின் ஜன்னலுக்குக் கீழே பெரிய தெரு. தெருவோரம் மண்மூடை அடுக்கிய ஆமிக் காவலரண். பஸ்ஸில் ஏறினால், தமிழ்ச் சத்தம் யாருக்கும் கேட்டுவிடாமல், அப்பாவை 'அப்பா' என்று கூப்பிடாமல் தோளில் தட்டிக் கூப்பிட்டுப் பழகியவள் நான். அப்படிச் செய் என்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. இருபது பேரின் காதுக்குள்ளும் குசுகுசுத்து, அவர்களையும் குசுகுசுக்க வைத்து, அதை அவர்களின் நெஞ்சின் அளவென்று கோடு கீறி வைத்திருக்கிறேன். இதற்குள் பேராசிரியையில் வேறு குற்றம் கண்டுபிடித்தேனே!

திரும்ப ஊதவை என்றார் பேராசிரியை. நான் முதலில் ஜன்னலைச் சாத்தப் போனேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய், தெருவிலிருந்து யாராவது நிமிர்ந்து பார்த்தால் அவர் முகம் தெரிகிறமாதிரி ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதல் தரம் குரல் எழும்பவில்லை. அண்ணர் குழாயை வாயில் வைத்தபடி காத்திருந்தார். இரண்டாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"ஊதுங்கோ அண்ணை, ஊதுங்கோ! விடாதேங்கோ! இன்னும்! இன்னும்!"

அவர் ஊதினார். கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்க ஊதினார். பேனை பழைய இடத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. நான் இன்னும் கத்தினேன், எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. அவர் கிளிப்பைக் கழற்றிவிட்டு, இருமி முடித்து, கண்ணைத் துடைத்தார்.

"இப்பத்தான் பிள்ளையின்ர குரலை நான் கேட்டனான்," என்றார்.

நான் அழுதேன். பேராசிரியைக்கு முன்னால் அழக்கூடாது என்ற நினைப்பெல்லாம் எங்கே போனதோ தெரியாது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே திரும்பாமல், மூன்று தரம் ஊதவேண்டும், இன்னும் இரண்டு மிச்சம் என்றார்.

கொட்டாஞ்சேனைக்காரர்களை எல்லாம் அண்ணரே வீடு வீடாகப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளவத்தைக்காரர்களிடம் நான் போனேன். திரும்பவுமா என்று சலித்துக்கொண்டார்கள், ஆனாலும் வந்தார்கள். தமிழரின் அளவுகள் மற்றவர்களுடையதோடு சேர்ந்து நின்றன. அட்டவணையில் நாங்கள் இருந்தோம்.

மிஞ்சியது பழைய தாள்கள். தள்ளுபடி செய்கிற ஒவ்வொரு தாளிலும் காரணம் எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும் என்பது ஆய்வுகூட ஒழுங்கு. ஊதியவரின் முயற்சி போதாது என்பதுதான் வழக்கமாக எழுதுகிற வசனம். கைப்பழக்கத்தில் முதல் தாளில் அப்படியே எழுதிவிட்டேன். பிறகு அதைக் கோடிட்டு வெட்டி, சோதித்தவரின் குரல் போதாது என்று எழுதினேன். மற்றத் தாள்களிலும் அதையே எழுதினேன். பேராசிரியை ஒவ்வொன்றாக வாசித்துக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு பேர் மட்டும் திரும்ப வரவில்லை. ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டார். மற்றவரை ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது என்றாள் அவருடைய மனைவி. அந்த இரண்டு தாளிலும் சோதித்தவரின் குரல் போதாது என்றே எழுதினேன்.