சங்ககிரி வரைக்கும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், போனில் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த இசை தானாக வந்து நின்றது. கார் பந்தய விளையாட்டு ஒன்றில், எதிராளி வந்து சேரும்வரை ஓடிக்கொண்டிருக்கும் சின்ன இசை. முழுதாக ஒரு நிமிடம்கூட இருக்காது. யாரோ ஒரு புண்ணியவான் அதையே திரும்பத் திரும்ப ஒட்டி, ஒரு மணி நேரம் ஓடும்படி ஏற்றியிருந்தார். கீழே எந்தெந்த ஊர்க்காரர்களோ தங்கள் கதையை எழுதியிருந்தார்கள். பரீட்சைக்குப் படிக்காமல் இதைத்தான் கேட்டேன், அந்த நண்பன் இப்போது எங்கே என்று தெரியவில்லை, அந்த நாட்கள் இனி வராது என்றெல்லாம். முன்பின் தெரியாத ஆட்களின் ஏக்கத்தை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா, கண்ணைத் திறக்காமலே, "இது அவன் ஆடறதுதான?" என்று கேட்டார்.

அவன் என்றால் என் அண்ணன். இறந்து மூன்று வருடமாகிறது. அதற்கு முன்பிருந்தே அப்பாவுக்கு அவன் வெறும் 'அவன்'தான். பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்ட பையன் வகுப்புக்குப் போகாமல் திருச்செங்கோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கேம் ஆடிக்கொண்டிருக்கிறான் என்று யாரோ வத்தி வைக்க, அப்பா நேரே போய் அத்தனை பேர் முன்னால் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். மறுவாரமே அண்ணன் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலைக்கு ஏறி, சத்தீஸ்கர் பக்கம் போய்விட்டான். இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றார் அப்பா. மிதிக்கவில்லை அவனும். வீம்பு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் குறைவில்லை, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சமாதானம் செய்துவைக்க அம்மாவும் இல்லை. நான் பத்தாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

என்னையும் அண்ணனையும் சேர்த்து வைத்திருந்தது, வீட்டில் இருந்தபோது அவன் ஓயாமல் ஆடிய அந்தக் கார் விளையாட்டுதான். நான் அப்போது நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணை ஆபீசில் இருந்தேன். மதியச் சாப்பாட்டு வேளையில் டப்பாவை மூடிவிட்டு விளையாட்டைத் திறந்தால் அந்த இசை ஓட ஆரம்பிக்கும். அங்கே அவன் கை கழுவிவிட்டு வரும்வரை நான் அதைக் கேட்டபடி காத்திருப்பேன். துளைபோடும் ரிக் சத்தத்தில் பேச முடியாது, எழுத்துதான். 'அம்மிணி, என்ன கொழம்பு' என்று இங்கிலீஷ் எழுத்தில் கேட்பான். இரண்டு ஆட்டம் ஆடுவோம். வேண்டுமென்றே தோற்பான், நான் கண்டுபிடித்துத் திட்டுவேன். முடிந்ததும் 'வாரேன்' என்று போட்டுவிட்டுப் போவான். எங்கள் பக்கத்தில் யாரும் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். சொன்னால் பெரியவர்களுக்குக் கெட்ட கோபம் வரும். வருவதற்கும் வாரேன், போவதற்கும் வாரேன்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அவனுக்கு விஷயத்தை எழுதினேன். கிளம்பி வா என்று எழுதவில்லை. அப்பாவே கூப்பிடாதபோது நான் எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு எண்ணம், அவனாகக் கேட்கட்டும் என்று ஒரு எண்ணம். அவன் எதுவும் கேட்கவில்லை. ஒரு ஆட்டம் ஆடினான், அங்கங்கே காரை முட்டிக்கொண்டு தோற்றான். கடைசியில் 'வாரேன்' என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவர் ஊசியும் குழாயுமாகப் படுத்திருக்கிறார், இவன் வழக்கம்போல டாட்டா காட்டுகிறானே என்று. 'சரி' என்று மட்டும் அடித்தேன். எப்போதும் கூடச் சேர்க்கும் 'அண்ணா'வைக்கூடப் போடவில்லை.

நாலைந்து நாள் அவன் விளையாட்டுப் பக்கமே வரவில்லை. அதற்குப் பிறகு சில நாள் ஆடினான். ஆனால் ஆட்டம் முடிந்ததும் ஒன்றும் எழுதாமல் போய்விடுவான். சிக்னல் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து அங்கே காய்ச்சலில் படுத்தான், எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்சில்தான் ஊர் வந்தான்.

காரியத்துக்கு வந்த அவனுடைய ரிக் கூட்டாளி, மாட்டுக் கொட்டகைப் பக்கம் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏனுங் தங்கச்சி, அப்பாவுக்கு முடியலீன்னு தெரிஞ்ச அன்னிக்கே கெளம்பிட்டானுங்க. வாரேன்னு உங்களுக்குச் சொன்னானாமா. நீங்க எப்பன்னுகூடக் கேக்கலையாமா. சங்ககிரி ரயில்வே ஸ்டேஷன்ல எறங்கி அங்கியே ஒக்காந்திருக்கறான். ஊட்டுல இன்னும் யாருக்கும் மனசு ஆறலைன்னு நெனச்சுட்டு, அடுத்த வண்டியிலயே திரும்பி வந்துட்டானுங்க" என்றார். சங்ககிரியிலிருந்து எங்கள் வீடு ஒரு பஸ் தூரம். பாவி, ஒரு போன் போட்டிருக்கலாமே என்று அவன் மேல் கோபம் வந்தது. எப்போது வருகிறாய் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. தேறி வருகிற மனுஷர், தாங்க மாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளபடிக்குப் பயம்தான். உன்னால்தான் போனான் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் எல்லாம், "நாஞ் சாகக் கெடந்தப்பக்கூட எட்டிப் பாக்கலீங்க" என்று அவர் சொல்வார். விசேஷ வீடுகளில், பஸ் ஸ்டாண்டில் பார்த்தவர்களிடமும் அதையேதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டதும், ஆமாங்கப்பா என்று போனை அணைத்தேன். பிறகு எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எழுதியதை, நான் எழுதியதை, ஸ்டேஷனில் அவன் உட்கார்ந்திருந்ததை. சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சங்ககிரி வரைக்கும் வந்தானா?" என்றார். 

"வந்தானுங்கப்பா."

என் தப்பைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. எந்தப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், சாப்பிட்டானா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"மூணு வருசமா ஊரெல்லாம் அவனைத் திட்டீட்டே இருந்தனே சாமி. அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா நிறுத்தியிருப்பனே" என்றார்.

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.