வேண்டுதல் இல்லாத ஒரு பயணம்

பிறரை மகிழ்விப்பதைத் தொழிலாக எடுத்துக்கொண்டவன் முதலில் வாங்க வேண்டிய பொருள் ஓர் இரும்பு அளவு நாடா. திண்டுக்கல்லில் நான் நடத்தும் சுற்றுலா நிறுவனத்தின் சொத்து அந்த நாடாவும் ஒரு வேனும்தான். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், பார்வை இல்லாதவர்கள், ஊன்றுகோலோடு நடப்பவர்கள் ஆகியோரைக் கேளிக்கைப் பூங்காக்களுக்கு அழைத்துப் போவது என் வேலை. வேனை ஓட்டுபவர் பேகம்பூர் காஜா பாய். பயணிகளைத் தூக்கி உட்கார வைப்பவர் அவர் மனைவி மும்தாஜ். நான் நாடாவைப் பிடிப்பேன். குடும்பத்தோடு ஒருமுறையாவது வேன் ஏறி வெளியூர் போன எவருக்கும் இனி வருவது புதிதாக இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள், நானும் பொறுத்துக்கொண்டேன்.

ஒரே நிபந்தனை

ஸ்டெல்லா டீச்சர் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். சிறு வயதில் வந்த போலியோவால் இரண்டு கால்களும் இயங்காது. நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு என் அலுவலக வாசல் வரை வந்தார். அங்கே இரண்டு படிகள் இருந்தன. படிகளைப் பார்த்தார், பெயர்ப்பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வாடகைக் கட்டடம்” என்றேன். அதை அவர் விடையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. தெருவில் நின்றபடியே பேசினோம்.

ரோலர் கோஸ்டரில் ஒருமுறை ஏற வேண்டும், அவ்வளவுதான். கூடவே தாயார் லூர்தம்மாள் வருவார். அதனால் ஒரு நிபந்தனை: தனக்காக அன்று யாரும் எதுவும் வேண்டிக்கொள்ளக் கூடாது. வேளாங்கண்ணி, பூண்டி, நாகூர், தலையில் கை வைத்து ஜெபிக்கும் போதகர்கள், எண்ணெய் தடவும் வைத்தியர்கள் என்று அந்த அம்மாள் மகளைத் தூக்கிக்கொண்டு போகாத இடம் இல்லையாம். நடக்க முடியாதவர்கள் வெளியூர் போக நம் சமூகம் இரண்டே காரணங்களைத்தான் ஒப்புக்கொள்கிறது, ஒன்று மருந்து, மற்றது நேர்த்திக்கடன் என்று நான் ஒரு சிறிய விரிவுரையைத் தொடங்கினேன். டீச்சர் அதை முடிக்கவிடவில்லை.

“சார், நெனவு தெரிஞ்சதுலருந்து என்னைய குணமாக்கத்தான் கூட்டிட்டுப் போயிருக்காங்க. ஒரே ஒரு நாள் வெளையாடக் கூட்டிட்டுப் போங்க.”

சிமெண்ட்டில் ஒரு காவியம்

“சாய்தளம் இருக்கிறதா?” என்று தொலைபேசியில் கேட்டால் எல்லாப் பூங்காக்களும் இருக்கிறது என்றே சொல்லும். நேரில் போனால் அது ஒரு பலகையாக இருக்கும், அல்லது சாக்கடை மூடியாக இருக்கும். ஓர் இடத்தில் அது இரண்டு இளைஞர்களாக இருந்தது. அன்றிலிருந்து நானே போய் அளந்துவிடுகிறேன். ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இதை நான் பூங்கா மேலாளர்களிடம் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் பொறுமை எனக்குப் பழகிவிட்டது.

கோவைப் பக்கம் இருக்கும் அந்தப் பூங்காவின் பெயர் வேண்டாம். ரோலர் கோஸ்டர் மேடைக்குப் படிகள் மட்டும்தான். மேலாளர் நல்ல மனிதர். டீச்சர் மர நிழலில் உட்கார்ந்து மற்றவர்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம், அதற்குப் பாதிக் கட்டணம் போதும் என்றார். நான் மேடையைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். அங்கே மேடை வரைக்கும் ஒரு சிமெண்ட் சரிவு, இருபுறமும் கைப்பிடியோடு. அளந்தேன். பன்னிரண்டுக்கு ஒன்று, இம்மி பிசகவில்லை. இந்தத் தொழிலில் அதைவிட அழகான எதையும் நான் பார்த்ததில்லை. பின்னாலேயே வந்த மேலாளர் என் பரவசத்தைக் கண்டு சங்கடப்பட்டார்.

“அது மோட்டார் ஏத்துற வழி சார். மனுசங்களுக்கு இல்ல.”

கொய்யா வாங்கப் போனவர்

மோட்டாருக்கு இருக்கும் உரிமையை டீச்சருக்கும் தர மேலாளர் கடைசியில் சம்மதித்தார். ஆனால் துணைக்கு ஒரு பெண் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றார். மும்தாஜ் உட்காருவதாகச் சொன்னார். குறித்த நாளில் திண்டுக்கல்லிலிருந்து கிளம்பினோம். ஒட்டன்சத்திரத்தில் இன்னொரு பயணி முருகேசன் ஏறிக்கொண்டார். காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருப்பவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், தக்காளியைத் தொட்டே விலை சொல்பவர்.

மேற்கே போகும் சாலையில் வேண்டுதலுக்கு வாய்ப்பில்லாத இடம் குறைவு. பழனி மலை தெரியத் தொடங்கியதும் லூர்தம்மாள் உட்கார முடியாமல் நெளிந்தார். ஆயக்குடியில் கொய்யா வாங்க வேண்டும் என்று வேனை நிறுத்தச் சொன்னார். போனவர் செத்த நேரத்தில் வருவதாகச் சொல்லி வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கொய்யாக்காரம்மாவிடம் பக்கத்தில் மாதா கோயில் எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். காஜா பாய் ஹாரன் அடித்தார். திரும்பி வந்தவரின் முந்தானைக்குள்ளிருந்து டீச்சர் ஜெபமாலையைக் கைப்பற்றினார்.

“அம்புட்டு தூரம் போறோம், வெறுங்கையோடவா போறது?” என்றார் லூர்தம்மாள். பிறகு கோபத்தில் மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாவைக் கடித்தபடி, இந்த வயதிலும் தனக்கு பிபி இல்லை, சுகர் இல்லை, எல்லாம் மாதாவின் கிருபை என்று வேனுக்கே கேட்கும்படி அறிவித்தார். அந்த அறிவிப்பை நான் மனதில் குறித்துக்கொள்ளவில்லை. டீச்சர் குறித்துக்கொண்டார் என்று பின்னால் தெரிந்தது. ஜெபமாலையை யாரிடம் கொடுப்பது என்ற பிரச்சினையைக் காஜா பாய் தீர்த்தார்.

“டேஷ்போர்டுல என் தொப்பி இருக்கு, வண்டி பேப்பர் இருக்கு. இதையும் வைங்கம்மா. மூணும் சேந்தா எந்தச் செக்போஸ்ட்டும் நம்மள ஒண்ணும் பண்ணாது.”

உச்சியிலிருந்து ஒரு வர்ணனை

ரோலர் கோஸ்டர் மதியத்துக்கு மேல்தான் என்பதால், முதலில் ராட்டினம். முருகேசனோடு நான் ஏறினேன். மேலே போனதும் தெரிவதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார். எனக்கு உயரம் ஆகாது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. கூண்டு நகர்ந்ததும் கண்களை இறுக மூடிக்கொண்டேன். ஆனால் வர்ணனையில் குறை வைக்கவில்லை. நீல மலைத்தொடர், அதன் மேல் தங்கி நிற்கும் மேகம், தென்னந்தோப்புகள், நடுவே வெள்ளிச் சரிகை போல ஓர் ஓடை. படித்தவன் கண்ணை மூடிக்கொண்டால் வர்ணனை இன்னும் நன்றாக வரும். பருந்து ஒன்றை வட்டமிடவிட்டு, அதன் இறக்கையில் வெயில் படுவதை விவரித்துக்கொண்டிருந்தேன். முருகேசன் என் தொடையை மெதுவாகத் தட்டினார்.

“ஏனுங்க, கதவத் தொறந்து வெச்சுட்டு ஆளு நிக்கறாருங்க. நீங்க இன்னும் மேலயேதான் இருக்கறீங்களா?”

பலகை

இனி நான் செய்ததை நியாயப்படுத்த மாட்டேன். பலகை என்று ஒன்று இருந்தால் கடைசி எழுத்து வரை படிக்காமல் என்னால் நகர முடியாது. பின்பக்கச் சரிவு வழியே டீச்சர் மேடைக்கு வந்துவிட்டார். மும்தாஜ் அவரைத் தூக்கி முன் வரிசை இருக்கையில் பொருத்தியும் விட்டார். அருகே எச்சரிக்கைப் பலகை இருந்தது. முருகேசனும் நின்றதால் உரக்கப் படித்தேன். இதய நோய் உள்ளவர்கள், முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏறக் கூடாது.

“இரத்த அழுத்தம்னா பிபி தானே?” என்றார் மும்தாஜ். ஆமாம் என்றேன். “நான் மாத்திரை சாப்புடுறேனே.” இயக்குபவர் கையை விரித்தார். துணைக்குப் பெண் இல்லையென்றால் டீச்சர் இறங்கிவிட வேண்டும். காஜா பாய் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. “அம்மாவுக்குத்தான் பிபி இல்லையே, வேன்ல அவங்களே சொன்னாங்க” என்றார் டீச்சர். பலகையை மறுபடி படித்தேன். லூர்தம்மாளைத் தடுக்கும் வரி அதில் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் அவரை நோக்கித் திரும்பினோம்.

“எனக்கு இதெல்லாம் ஏலாது தம்பி. இது வெளையாடுற வயசா? புள்ளைய எறக்குங்க, வீட்டுக்குப் போவோம்.” அவர் கைகள் ஜெபமாலையைத் தேடின. அது வேனில் இருந்தது. டீச்சர் கெஞ்சவில்லை, அழவும் இல்லை. வகுப்பில் விடைக்காகக் காத்திருக்கும் குரலில் கேட்டார்.

“எங்கெங்கயோ தூக்கிட்டுப் போனியேம்மா, நான் ஒரு தடவையாவது வரமாட்டேன்னு சொல்லியிருக்கனா?”

கீழிருந்து கேட்டது

லூர்தம்மாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாசலைத் தொட்டுக் கும்பிடப் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு ஏறினார். வண்டி மெதுவாக உச்சிக்குப் போனது. அங்கே ஒரு கணம் நின்றது. அதன் பிறகு நாங்கள் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை, கேட்டால் போதுமானதாக இருந்தது. முதல் இறக்கத்தில், “மாதாவே, என்னையக் காப்பாத்து!” வளைவில், “அந்தோணியாரே, என்னைய எறக்கி விடும்!” முருகேசன் தலையைச் சாய்த்து, பொறுமையாக எங்களுக்கு நிலவரம் சொன்னார். “இப்பத்தான் நம்ம பழனியாண்டவருக்கு வந்திருக்கறாங்க.” இரண்டாவது வளைவில் நாகூரும் வந்துவிட்டது என்று காஜா பாய் உறுதி செய்தார். இவை அனைத்துக்கும் நடுவே இன்னொரு குரல் தொடர்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

வண்டி வந்து நின்றது. லூர்தம்மாளின் கொண்டை அவிழ்ந்திருந்தது. மகளின் கையை இரண்டு கைகளாலும் பற்றியிருந்தார். விடச் சொல்லியும் விடவில்லை. டீச்சரின் மணிக்கட்டில் நான்கு நகங்கள் தெளிவாகப் பதிந்திருந்தன. ஒப்பந்தத்தில் நேர்மை முக்கியம் என்று கருதுபவன் நான். எனவே நிபந்தனை மீறப்பட்டதை வருத்தத்துடன் டீச்சருக்கு நினைவூட்டினேன். கண்ணில் வழிந்த நீரைத் தோளில் துடைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார்.

“எனக்காக யாரும் வேண்டக் கூடாதுன்னுதான் சார் சொன்னேன். நல்லாக் கேட்டீங்கல்ல? அம்மா மொத மொதலா அவங்களுக்காக வேண்டியிருக்காங்க. அது கணக்குல வராது.”

ஆக, பிறரை மகிழ்விக்கும் இந்தத் தொழிலில் கதவின் அகலத்தையும் சரிவின் நீளத்தையும் முன்கூட்டியே அளந்துவிடலாம், ஆனால் கடைசியில் யார் யாரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பதை அளக்க என்னிடம் நாடா இல்லை.