ரப்பர் கயிற்றில் ஏறிப்போன கடதாசி

எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் பாரிசில் ரூ காய் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அந்தக் கடைக்குச் சனிக்கிழமைகளில் ஒரு பாண்டிச்சேரிக்காரர் வருவார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். தபால் கந்தோரில் உத்தியோகம், பிரெஞ்சுக் குடியுரிமை, லெ பிளாங்-மெனிலில் சொந்த வீடு. எங்கள் சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் தரம் கேட்டு வாங்குவார்.

ஒரு சனிக்கிழமை அவர் சாப்பிட்டு முடித்துக் குசினி வாசலுக்கு வந்தார்.

"தம்பி, நாளைக்கு உங்களுக்கு லீவுதானே? சாண்டோ வேலைக்கு ஒரு ஆள் வேணும். இழுக்கணும், அவ்வளவுதான்."

எங்கள் பக்கத்தில் சாண்டோ என்றால் பல்லால் லொறி இழுக்கிறவர், நெஞ்சில் கல்லை வைத்து உடைக்க விடுகிறவர். நான் குளிர்க் கோட்டோடு சேர்த்து ஐம்பத்தொரு கிலோ. மறுத்திருக்கலாம். ஆனால் பாரிசுக்கு வந்த ஒன்றரை வருடத்தில் என் உடம்பைப் பார்த்து யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறையில் ஐந்து பேர் இருந்தோம். விஷயத்தைச் சொன்னதும் மூன்று பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூத்தவர் மட்டும் கவலையோடு, "உன்னைக் கொண்டு பியானோ ஏத்தப் போறாங்கள் போலை" என்றார். காலையில் இரண்டு பச்சை முட்டைகளை உடைத்துக் குடித்துவிட்டு, மதியத்துக்குப் புட்டுப் பார்சலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

அவர் காரோடு வந்து காத்திருந்தார். முன் இருக்கையில் அவருடைய மனைவி, கோயிலுக்குப் போகிற உடுப்பில், கையில் செபமாலையோடு. பூசை முடிந்து நேரே வந்திருந்தார்கள். அந்த அம்மா என்னை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு செபமாலைக்குத் திரும்பினார்.

கார் புறநகரைத் தாண்டி ஒரு பீட்ரூட் வயலோரம் நின்றது. பின்பக்கத்திலிருந்து பியானோ எதுவும் இறங்கவில்லை. போர்வையில் சுற்றிய இரண்டு நீண்ட சிறகுகள் இறங்கின. பிறகு ஒரு ஒல்லியான உடல், ஒரு ரேடியோப் பெட்டி. எல்லாவற்றையும் பொருத்தியபோது அது எஞ்சின் இல்லாத ஒரு சின்ன விமானம். கிளைடர். தரையில் நின்றபடி ரேடியோவால் ஓட்டலாம் என்றார். அப்படியானால் சாண்டோ எதற்கு என்று கேட்டேன். அவர் ஒரு வளையமாகச் சுற்றிய தடித்த ரப்பர் கயிற்றைத் தூக்கிக் காட்டினார். பிரெஞ்சில் அதற்குப் பெயரே சாண்டோதானாம்.

என் முட்டைகள் வீணாய்ப் போயின.

வேலை சுலபமாகத்தான் தெரிந்தது. காற்று வரும் திசையில், வயலின் அந்தக் கோடியில், ஓர் இரும்பு முளை அடித்து ரப்பரின் ஒரு நுனியைக் கட்டவேண்டும். ரப்பர் முப்பது மீட்டர். அதன் மறுநுனியில் நீளமான நைலோன் நூல். நூலின் முனையில் ஒரு வளையம். அந்த வளையத்தைக் கிளைடரின் வயிற்றிலுள்ள கொக்கியில் மாட்டி, கிளைடரைத் தலைக்கு மேல் பிடித்தபடி பின்னால் நடந்து, ரப்பர் நன்றாக இழுபட்டதும் விட்டுவிடவேண்டும். அது பட்டம் போல ஏறும். உச்சியில் வளையம் தானாகக் கழன்றுவிடும். நூலின் முனையில் ஒரு சின்னப் பரசூட் இருந்தால் நூல் சிக்காமல் மெதுவாக இறங்கும்.

அந்தப் பரசூட் போன கிழமை ஒரு மரத்தில் மாட்டிக் கிழிந்துபோயிருந்தது. அவர் காரைச் சுற்றித் தேடினார். நான் அப்போதுதான் புட்டைச் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

"தம்பி, இந்தப் பை வேணுமா?"

"வேண்டாம் அண்ணை, எடுங்கோ."

அவர் பையின் அடியை வளையத்துக்கருகில் முடிந்து, இரண்டு காதுகளையும் நூலில் கட்டினார்.

முதல் தடவை அவர் நாற்பது அடி நடக்கச் சொன்னார். சாண்டோ என்ற பெயரை முழுதாக இழக்க எனக்கு மனமில்லை. ஐம்பத்தைந்து நடந்தேன். ஐம்பத்தாறாவது அடியை ரப்பர் அனுமதிக்கவில்லை. சப்பாத்து சேற்றில் வழுக்கியது. கிளைடரை விடாமல் முன்னுக்கு ஐந்தாறு அடி ஓடி, பீட்ரூட்டுகளுக்கு நடுவே குந்தினேன். கிளைடர் தப்பியது. காருக்குள் செபமாலை ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

இரண்டாம் தடவை சொன்னபடி நாற்பது அடியில் விட்டேன். அது என் கையிலிருந்து உருவிக்கொண்டு போன விதத்தை இப்போதும் என் விரல்கள் அறியும். ஒரு சீறல், பிறகு சத்தமே இல்லை. தலையை நிமிர்த்துவதற்குள் மரங்களுக்கு மேலே நின்றது. வளையம் கழன்றது. பை அழகாக விரிந்தது. அதற்குள்ளிருந்து ஏதோ வெள்ளையாகப் பிரிந்து தனியே மிதந்தது.

"புறாவா?" என்றார் அவர்.

என் கோட்டுப் பையில் ஓட்டை. அதனால் காலையில் என் ரெசெப்பிசேயைப் புட்டுப் பார்சலுக்குப் பக்கத்தில் செருகியிருந்தேன். அது புட்டின் ஈரத்தில் பையின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ரெசெப்பிசே என்றால் என் படம் ஒட்டி, முத்திரை குத்தி, அகதி விண்ணப்பம் விசாரணையில் இருக்கிறது என்று சொல்லும் ஒரு தாள். அது கையில் இல்லாமல், பொலிஸ் மறிக்கும் என்று லா ஷப்பலில் மெட்ரோ ஏறவே பயப்படுவோம்.

"அண்ணை, அது என்ரை பேப்பர்."

ஓடினேன். அவரால் ஓட முடியவில்லை, கிளைடர் இன்னும் மேலே இருந்தது. பெட்டியைப் பிடித்தபடி நின்ற இடத்திலிருந்தே வழி சொன்னார். "இடது... இன்னும் இடது... மெதுவா, மெதுவா..." எனக்குச் சொல்கிறாரா, கிளைடருக்கா என்று தெரியாமல் நானும் கிளைடரும் இடதுபக்கம் திரும்பினோம். என் தாள் மட்டும் வலதுபக்கம் போனது. இரயில் பாதையின் வேலியைத் தாண்டி, ஒரு சரக்கு இரயிலின் காற்றில் ஏறி, அந்தப் பக்கம் மறைந்தது.

அவருடைய மனைவி காரிலிருந்து இறங்கினார். நல்ல சப்பாத்துகளைக் கழற்றிவைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வேலியோரம் இரண்டு மணி நேரம் எங்களோடு தேடினார். தேடும்போதே கணவரிடம் பேசினார். பத்து வருட ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி வரிசையாகப் பேசினார் என்று நினைக்கிறேன். பாதி பிரெஞ்சு. கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தாள் கிடைக்கவில்லை. என்னை அறை வாசல்வரை காரிலேயே கொண்டுவந்து விட்டார்கள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை இருவரும் லீவு போட்டு, அவர் கழுத்துப்பட்டி கட்டி, என்னை வெளிநாட்டவர் பத்திரங்கள் பார்க்கும் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று மணி நேர வரிசை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் ஒரு படிவத்தை எடுத்து, "பெர்த் ஊ வொல்?" என்று கேட்டார். தொலைந்ததா, களவு போனதா. பிரெஞ்சில் வொல் என்றால் களவு. பறப்பதும் வொல்தான்.

அவர் இருபது வருடம் தபால் கந்தோரில் படிவம் நிரப்பியவர். படிவத்தில் பொய் எழுதப் பழக்கமில்லை. நிமிர்ந்து நின்று, "வொல்" என்றார்.

அப்படியானால் முதலில் பொலிசில் முறைப்பாடு வேண்டும், எடுத்தது யார் என்று தெரியுமா என்று அந்தப் பெண் கேட்டார். யாரும் எடுக்கவில்லை, நான்தான் பறக்கவிட்டேன் என்று இவர் விளக்கினார். பிறகு ரப்பர், வளையம், காற்றின் திசை, புட்டு. கைகளை விரித்து உயரத்தைக் காட்டினார். அப்போது எனக்கு விளங்கியது சாண்டோ என்ற ஒரு சொல் மட்டும்; மற்றதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே யாரையோ கூப்பிடத் திரும்பினார். நான் வெளிக்கதவு எங்கே என்று பார்த்தேன்.

அப்போது அவருடைய மனைவி கணவரை முழங்கையால் ஒதுக்கிவிட்டுச் சன்னலுக்குக் குனிந்து, "பெர்த், மதாம்" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில், "தொலைஞ்சு போச்சு. அவ்வளவுதானே" என்றார்.

அந்தப் பெண் படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் கோடு போட்டார். நாலு மணிக்குப் புதுத் தாள் என் கையிலிருந்தது.

ரப்பரில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. அந்தக் கோடையில் பழைய காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்து ஒரு வின்ச் செய்தார். பற்றரியில் ஓடும், காலால் மிதித்தால் நூலைச் சுற்றி இழுக்கும். இழுக்க ஆள் தேவையில்லை. ஆனாலும் என்னைக் கூப்பிட்டார்கள், நானும் போனேன். மிதியை மெதுவாகத் தட்டித் தட்டி அழுத்தவேண்டும் என்று அவர் நீளமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய மனைவி காரிலிருந்து இறங்கி வந்து, தான் மிதிப்பதாகச் சொன்னார். நான் கிளைடரைப் பிடித்தேன். அந்த அம்மா மிதியில் காலை வைத்தார். எடுக்கவேயில்லை. சிறகுகள் வில்லாக வளைந்தன. கிளைடர் ரப்பர் ஒருநாளும் காட்டாத உயரத்துக்குப் போனது. "போதும், போதும்" என்று கணவர் கெஞ்சினார். அந்த அம்மா வானத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மிதித்தார்.