சட்டென்று அணையும் பேட்டரி

பேருந்து டிப்போவின் ஸ்டோரில் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கிறவருக்கு இருட்டிவிட்டால் கண் தெரியாது. பகலில் குறை ஒன்றும் இல்லை. எந்த அலமாரியில் எந்தத் தட்டில் எந்த அளவு பேரிங் இருக்கிறது என்று மெக்கானிக் கேட்டு முடிப்பதற்குள் எடுத்து மேஜையில் வைத்துவிடுவார். வெளிச்சம் குறையக் குறைய ஓரங்கள் முதலில் போகும். கடைசியில் நடுவே சாப்பாட்டுத் தட்டளவு மிஞ்சும். அந்தத் தட்டுக்குள் வராத எதுவும் அவரைப் பொறுத்தவரை உலகத்தில் கிடையாது. கதவு நிலையில் இடித்துக்கொண்டு, நிலையிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்வார்.

வியாதிக்குக் கண் டாக்டர் நீளமாக ஒரு பெயர் சொன்னார். போனது திரும்பாது, இன்னும் குறையும், எவ்வளவு வேகத்தில் என்று சொல்ல முடியாது என்றார். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"வேற ஏதாவது கேக்கணுமா?"

"வண்டி நிறுத்தின சீட்டுல இங்க முத்திரை வாங்கிட்டு வரணும்னாங்க. நீங்க போடுவீங்களா, வெளிய போடுவாங்களா?"

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள், "உங்களுக்கு நெஞ்சுல இருக்கறது என்ன, கருங்கல்லா?" அவரும் உள்ளே தேடிப் பார்த்தார். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் தன் கன்னம்தான் என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

ஸ்டோரில் அவருக்கு மாலை முறை. முடியும்போது இருட்டிவிடும். டிப்போ வாசலிலிருந்து மதில் ஓரமாக நடந்து, தண்டவாளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையைக் கடந்து, படியேறினால் வீடு. மனைவி பள்ளிச் சீருடைகளுக்கு மடிப்படித்துக் கொடுக்கிறவள். அவளுக்கும் அந்த நேரம்தான் வேலை முட்டும். இருந்தாலும் வந்து கூட்டிப்போகிறேன் என்றாள்.

"வேணாம். என்னைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர ஆள் வந்துட்டா, மறுநாள் நான் வேலைக்குப் போக மாட்டேன்."

வீம்புக்காகச் சொல்லவில்லை. பஸ் வரும் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார். தனியாக வீடு திரும்ப முடிகிற வரைக்கும் வேலை என்று தனக்குள் ஒரு கோடு போட்டிருந்தார். அது அவளுக்கும் புரிந்தது. பெரிய டார்ச் ஒன்று வாங்கினார்கள். காவல்காரர்கள் வைத்திருக்கிற ரகம். நான்கு நிக்கல் பேட்டரி போடவேண்டும், தினமும் சார்ஜ் ஏற்றவேண்டும். சுரங்கப்பாதையின் அந்தக் கோடிச் சுவரில் இருக்கும் கீறல்கூடத் தெரிந்தது.

டிப்போவில் வௌவால் என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"வௌவால் அண்ணே, லைட்டைக் கொஞ்சம் கீழ புடிங்க. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, கண்ணு வேணும்" என்பான் ஒரு டிரைவர்.

"கண்ணு இருந்தா நீ ஏம்ப்பா கல்யாணம் பண்ணப் போற" என்றபடி நடந்துகொண்டே இருப்பார்.

மறு வருஷம் பேட்டரிகளில் இரண்டு சார்ஜ் பிடிக்காமல் போயின. நான்கையும் சேர்த்து மாற்றவேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. ஆனால் ஸ்டோர்காரருக்கு ரத்தத்தில் ஊறிய விதி ஒன்று உண்டு: பழைய சரக்கு தீர்ந்த பிறகுதான் புதுசைத் தொடவேண்டும். உயிரோடு இருக்கிற பேட்டரியைத் தூக்கிப் போட அவருக்குக் கை வரவில்லை. செத்த இரண்டை எறிந்துவிட்டு, பழையது இரண்டு புதுசு இரண்டு என்று போட்டு மூடினார். சிக்கனமாகச் செய்த திருப்தி இருந்தது. அந்த வருஷத்தில் திருப்தி என்று அவர் உணர்ந்தது அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மாலை, சுரங்கப்பாதையின் நடுவில் அந்தத் தட்டு சுருங்கியது. எதிர்ச் சுவர் முதலில் பழுப்பானது, பிறகு காணோம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நின்றார். கையால் சுவரைத் தடவிக்கொண்டே படி வரைக்கும் வந்தார். வீட்டில் சொல்லவில்லை. அடுத்த வாரமும் அப்படியே ஆயிற்று. பிறகு அடிக்கடி ஆயிற்று.

அவர் டார்ச்சைச் சந்தேகப்படவே இல்லை. சட்டென்று அணைந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பார். அது மெல்ல மெல்ல மங்கியது. மெல்ல மங்குவது எது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தாரே. வரவேண்டியது வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். கிளை மேலாளரின் அறைக்குப் போய், இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்றார்.

"அவசரப்படாதீங்க. மாசக் கடைசி வரைக்கும் யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் மேலாளர்.

"யோசிச்சாச்சு சார். பிரேக் லைனிங் ஸ்டாக் குறைஞ்சிருக்கு, அதை மட்டும் சொல்லி அனுப்பிடுங்க."

அன்று சாப்பிடும்போது மனைவியிடமும் சொன்னார். அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

"எப்பலேருந்து இப்படி?"

"கொஞ்ச நாளா."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா தெரிய ஆரம்பிச்சுடுமா?"

அவள் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டாள். மீதிச் சாப்பாடு அவள் தட்டிலேயே இருந்தது. அவர் முழுசாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

இரண்டு நாள் கழித்து, அவர் வீட்டுக்குள் நுழைந்து டார்ச்சை அணைப்பதற்குள் அவள் தையல் மிஷினுக்கடியிலிருந்து கூப்பிட்டாள். ஊசி விழுந்துவிட்டது, குழந்தைகள் போடுகிற துணி, எங்கேயாவது தைத்துக்கொண்டு போய்விடும் என்று பயம். "அந்த லைட்டைக் குடுங்க." வாங்கித் தரையில் அடித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இது என்ன, எரியுதா இல்ல எரிஞ்ச மாதிரி நடிக்குதா?"

"ஏன்?"

"மஞ்சளா, சோகை புடிச்ச மாதிரி இருக்கே. இந்த வெளிச்சத்துல எனக்கே ஊசி தெரியல. தினமும் இதை வச்சுக்கிட்டா சுரங்கப்பாதையில நடக்கறீங்க?"

அவர் டார்ச்சை வாங்கித் தன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. எப்போதும் போல மங்கலாக இருந்தது. அவள் பின்மூடியைத் திருகி நான்கு பேட்டரிகளையும் தரையில் கொட்டினாள். இரண்டு பளபளப்பு, இரண்டு தேய்ந்தது.

"பழசையும் புதுசையும் கலந்து போட்டீங்களா?"

"பழசு வீணாப் போகுமேன்னு."

"பழசு வீணாப் போகக்கூடாதுன்னு வேலைய விட்டுட்டீங்க" என்றாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஊசியைக் காலையில் தேடிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மிஷினை விரிப்பால் இழுத்து மூடினாள்.

சேதி கேட்டு அவள் தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்தான். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். பேச்சில் யாரையும் கரையேற்றிவிடுவான். சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் தடிமனில் லித்தியம் பேட்டரி ஒன்றை எடுத்து வைத்தான். அதன் மேல் பெரிய எண் ஒன்று தங்க நிறத்தில் அச்சடித்திருந்தது.

"மாமா, இதைப் போட்டீங்கன்னா சுரங்கப்பாதை என்ன, பாதாளமே தெரியும்."

"பாதாளத்துல எனக்கு என்ன வேலை மாப்ள."

மூவருமாக டார்ச் கடைக்குப் போனார்கள். மீன் பிடிக்கிறவர்களும் காவல் வேலைக்காரர்களும் வந்து போகிற சின்னக் கடை. கடைக்காரர் தம்பியின் பேட்டரியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு தன் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து இன்னொரு கையில் வைத்தார்.

"நீங்களே தூக்கிப் பாருங்க. அளவு ஒண்ணுதான், உங்களுது பஞ்சு மாதிரி இருக்கு. மேல போட்டிருக்கற நம்பர் இருக்கே, அது செஞ்சவனோட ஆசை."

தம்பி அதைச் சத்தமில்லாமல் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டான். "உன் பாலிசி மாதிரியே இருக்குடா" என்றாள் அக்கா.

கடைக்காரர் மேஜையில் இரண்டு வகையை வைத்தார். ஒன்று, இப்போது இருக்கிற அதே நிக்கல் ரகம். நான்கும் புதுசாக, ஒரே நேரத்தில் வாங்கினதாகப் போட்டால் பிரச்சினை இல்லை. சாது, லேசில் கெடாது. இன்னொன்று லித்தியம். ஒன்று போதும், வெளிச்சமும் இதைவிடப் பல மடங்கு. அதற்கு வேறு டார்ச் வாங்கவேண்டும். பேட்டரிக்குள்ளேயே காவல் மாதிரி ஒரு சின்னச் சில்லு வைத்திருக்கிறார்கள். சார்ஜ் அடியோடு தீர்ந்தால் பேட்டரி பாழாகிவிடும் என்று, அதற்கு முன்பே அது வெட்டிவிடும்.

"வெட்டிடும்னா?"

"பட்டுனு அணைஞ்சுடும் சார். அதுவரைக்கும் ஒரே வெளிச்சம், அப்புறம் ஒண்ணுமே இல்ல. அதனால உங்களுக்கு நான் நிக்கல்தான் சொல்வேன். மெதுவா மங்கும், நமக்குச் சொல்லிட்டுப் போகும். பாதை நடுவுல திடீர்னு இருட்டாச்சுன்னா உங்களுக்குக் கஷ்டம் பாருங்க."

"அதுதான் சரி" என்றான் தம்பி. மனைவியும் தலையாட்டினாள். சொல்லிக்கொண்டு போகிற பேட்டரியே நல்லது என்று அங்கே எல்லாருக்கும் தோன்றியது.

அவர் லித்தியத்தைக் கையில் எடுத்தார். ஒரு முனையில் சின்ன மொட்டு துருத்திக்கொண்டிருந்தது. விரலால் தடவினால் எந்தப் பக்கம் என்று தெரிந்தது.

"கடைசி வரைக்கும் ஒரே வெளிச்சமா இருக்குமா? நடுவுல குறையாதா?"

"ரொம்ப அதிகத்துல வச்சா சூட்டுல தானாவே குறைச்சுக்கும். நடு அளவுல வச்சா இந்த டார்ச் அசையாது."

"அப்ப இதுவே குடுங்க. பேட்டரி ரெண்டு."

"என்னங்க, அவர்தான் சொல்றாரே" என்றாள் மனைவி. "பாதியில அணைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"அணைஞ்சா பேட்டரி. மங்கினா நான்."

கடைக்காரருக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. தம்பி ஏதோ பேச வாயெடுத்தான். அவள் அவன் கையை அழுத்தி நிறுத்தினாள். "இதையே கட்டிக் குடுங்க" என்றாள் கடைக்காரரிடம்.

அடுத்த சில மாலைகள் ஸ்டோரில் ஆள் வராத நேரங்களில் அவர் கண்ணை மூடிக்கொண்டு பேட்டரி மாற்றிப் பழகினார். பின்மூடியைத் திருகு, சாய், பழையது இடது பையில், புதியது வலது பையிலிருந்து, மொட்டு முன்பக்கம். மேலாளரிடம் போய், நிற்கவில்லை என்றார். அவர் சந்தோஷம் என்று கையைக் கொடுத்தார். இவரும் கொடுத்தார். பிரேக் லைனிங் வந்துவிட்டதா என்று கேட்டார்.

அதன் பிறகு தினமும் கதவைத் திறந்ததும் மனைவி கேட்பது ஒன்றுதான்.

"மங்குச்சா?"

"இல்ல."

மிஷின் திரும்ப ஓடத் தொடங்கும். ஒரு நாள் அவர் முதலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "இடது பக்கம் கொஞ்சம். முன்னாடி தெரிஞ்ச கீறல் இப்ப தெரியல" என்றார். அவள் மிஷின் சக்கரத்தில் கையை வைத்தபடி இருந்தாள். "நாளைக்குப் போவீங்கள்ல?" "போவேன். நடுவுல நல்லாத்தான் தெரியுது." சரி என்று துணியைத் திருப்பிப் போட்டாள்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை, சுரங்கப்பாதையின் நடுவில் டார்ச் பட்டென்று அணைந்தது. முழு இருட்டு. எதிரே வந்த காலடிச் சத்தம் நின்றது.

"ஐயா, நில்லுங்க, தண்ணி கிடக்கு. கையப் புடிச்சுக்கங்க, நான் கொண்டுபோய் விடறேன்."

அவர் ஏற்கெனவே மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பழையது இடது பைக்குள் விழுந்தது. விரல் மொட்டைத் தேடிக் கண்டுபிடித்தது.

"வேணாம்ப்பா" என்றார். "பேட்டரிதான்."